ஒரே உறைமோர், ஊருக்கொரு தயிர்

பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி உறைமோர் வாங்கிவந்து பாலில் ஊற்றுகிறோம். மறுநாள் தயிர். அதில் ஒரு கரண்டி எடுத்து அடுத்த நாளுக்கு உறை. சில மாதம் போனால், கொடுத்த வீட்டுத் தயிரும் நம் வீட்டுத் தயிரும் ஒரே ருசியில் இருக்காது. பால் வேறு, சட்டி வேறு, அடுப்படியின் சூடு வேறு. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. ஒரு மொழி பல மொழிகளாவதும் ஏறக்குறைய இப்படித்தான். லத்தீனை எடுத்துக்கொள்வோம், இந்த மாற்றத்துக்கு எழுத்துச் சாட்சி அதற்கு ஏராளம்.

லத்தீன் என்ற உறைமோரைக் கொண்டுபோனவர்கள் ரோமானியப் படைவீரர்களும் வணிகர்களும் குடியேறிகளும். அவர்கள் வாயில் இருந்தது ரோமப் பேச்சாளர் சிசரோவின் மேடை லத்தீன் அல்ல. சந்தையிலும் பாசறையிலும் புழங்கிய பேச்சு லத்தீன். அது போய் விழுந்த பால் இடத்துக்கு இடம் வேறு. இன்றைய பிரான்சில் கெல்ட்டிய மொழி பேசியவர்கள் இருந்தார்கள். பிறகு ஜெர்மானியப் பிராங்குகள் வந்தார்கள். ஸ்பெயினுக்கு 711-இல் அரபுப் படை வந்தது. எண்ணெய், சர்க்கரை, அரிசி மூன்றுக்கும் ஸ்பானியர் இன்று சொல்வது அரபி வழி வந்த சொற்களையே. ருமேனியாவில் ஸ்லாவிய மொழிகள் கலந்தன.

தினமும் புதுப் பால் என்பது இங்கே புதுத் தலைமுறை. மொழி பிள்ளைகளுக்குச் சொத்துப்போல அப்படியே கைமாறுவதில்லை. காதில் விழுவதைக் கொண்டு ஒவ்வொரு குழந்தையும் தானே மறுபடி உறைய வைக்கிறது. அதில் துளி வித்தியாசம் வந்துவிடும். சாலையும் வியாபாரமும் ஓடிய காலத்தில் வீடுகள் உறைமோரை மாற்றி மாற்றி வாங்கிக்கொண்டிருந்தன, ருசி ரொம்ப விலகவில்லை. 5-ஆம் நூற்றாண்டில் மேற்கு ரோமப் பேரரசு சரிந்ததும் அந்தப் போக்குவரத்து மெலிந்தது. அவரவர் சட்டி அவரவருக்கு.

ஆனால் தயிர்க் கதை ஓரிடத்தில் உதவாது. தயிர் எப்படிப் புளிக்கும் என்று சொல்ல முடியாது. ஒலிகளோ வியப்பூட்டும் ஒழுங்கோடு மாறுகின்றன. லத்தீனில் பால் 'லாக்தெ', இரவு 'நோக்தெ', எட்டு 'ஒக்தோ'. மூன்றிலும் 'க்த்' இருக்கிறது. இத்தாலியனில் அது 'த்த்' ஆனது: லாத்தே, நோத்தே, ஒத்தோ. ஸ்பானியத்தில் 'ச்ச்' போல ஆனது: லேச்சே, நோச்சே, ஓச்சோ. ருமேனியனில் 'ப்த்': லாப்தே, நோவாப்தே, ஒப்த். ஒரு சொல்லில் நடந்தது அதேபோன்ற மற்றச் சொற்களிலும் நடக்கிறது. சோம்பேறித்தனத்தால் மொழி கெடுகிறது என்று நினைப்பவர்கள் இந்தப் பட்டியலை இன்னொரு முறை படிக்கலாம். கெடுவது இத்தனை ஒழுங்காகக் கெடாது.

தங்கள் பேச்சு லத்தீன் இல்லை என்பது அந்த மக்களுக்கு எப்போது உறைத்தது? 813-இல் தூர் நகரில் கூடிய ஆயர்கள், பிரசங்கங்களை நாட்டுப்புற ரோமானியப் பேச்சிலோ ஜெர்மானியப் பேச்சிலோ சொல்லச் சொன்னார்கள். கோயில் லத்தீன் சனங்களுக்குப் புரியவில்லை. 842-இல் ஸ்ட்ராஸ்பூர்கில் அரசர்களான இரண்டு சகோதரர்கள் கூட்டணி உறுதிமொழி எடுத்தபோது, ஒருவர் படைக்கு மற்றவர் சொல்வது விளங்க வேண்டுமென்று மொழியை மாற்றிப் பேசினார்கள். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்று அந்த உறுதிமொழியின் ரோமானியப் பேச்சுப் பகுதிதான்.

இதற்காக வரைபடத்தில் கோடு போட்டு, இந்தப் பக்கம் பிரெஞ்சு, அந்தப் பக்கம் இத்தாலியன் என்று பிரித்துவிட முடியாது. போர்ச்சுகலிலிருந்து இத்தாலிவரை கிராமம் கிராமமாக நடந்த பழங்காலப் பயணிக்கு, அடுத்த ஊர்ப் பேச்சு முந்தின ஊர்ப் பேச்சு மாதிரியேதான் கேட்டிருக்கும். நடந்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் இரண்டு முனைகளும் வெவ்வேறு மொழிகள்.

கோடு போட்டது பிற்பாடு வந்த அரசாங்கமும் பள்ளிக்கூடமும். ஒரு வீட்டுத் தயிரைப் பாக்கெட்டில் அடைத்து நாடு முழுக்க விற்றார்கள். புரட்சிக்கால பிரான்சில் 1794-இல் பாதிரியார் அபே கிரெகுவார் கொடுத்த அறிக்கைப்படி, பிரெஞ்சைச் சரியாகப் பேசியவர்கள் சுமார் 30 லட்சம் பேர்தான். குறைந்தது 60 லட்சம் பேருக்கு அது தெரியவே தெரியாது. அதற்கு அவர் சொன்ன மருந்து, வட்டாரப் பேச்சுகளை ஒழித்துவிடுவது. இத்தாலியில் பாக்கெட்டுக்குள் போனது கவிஞர் தாந்தே எழுதிய ஃபிளாரன்ஸ் பேச்சு. 1861-இல் நாடு ஒன்றானபோது அதைப் பேசத் தெரிந்தவர்கள் 2.5 சதவீதமே என்பது மொழியியலாளர் துல்லியோ தெ மௌரோவின் கணிப்பு.

பாக்கெட் தயிர் வந்ததால் மற்ற வீட்டுத் தயிர் கெட்டதாகிவிடாது. சிசிலியிலும் நேப்பிள்ஸிலும் பேசப்படுவது இத்தாலியனின் சிதைவு அல்ல. இத்தாலியனைப் போலவே நேராக லத்தீனிலிருந்து உறைந்தவை. ஊரில் இன்றும் அவற்றை வட்டார வழக்கு என்றுதான் சொல்கிறார்கள். மொழிச் சிறுபான்மைகளுக்காக இத்தாலி 1999-இல் இயற்றிய 482-ஆம் எண் சட்டம் 12 மொழிகளைப் பாதுகாக்கிறது. சார்தீனியம் அதில் இருக்கிறது. சிசிலியம் இல்லை.