வாச்சாத்தியில் மறைத்தவர்களுக்கு என்ன தண்டனை?

தர்மபுரி மாவட்டம் அரூர் அருகே உள்ள பழங்குடி கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் ஊருக்குள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தனர். பிறகு ஊரார் மீதே வழக்குப் போட்டுச் சிறையில் அடைத்தனர்.

அன்றைய அரசு குற்றச்சாட்டை மறுத்தது. 1995-ல் உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகே சி.பி.ஐ. விசாரணை வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே இறந்துபோனார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என 2011-ல் தீர்ப்பானது.

2023-ல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அன்றைய கலெக்டர், எஸ்.பி., மாவட்ட வன அலுவலர் மீதும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கண்டும் காணாமல் இருந்த மேலதிகாரிகளை நோக்கிச் சட்டம் திரும்ப 31 ஆண்டுகள் ஆயின.

நாம் இவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 4-வது பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் அல்லாத அரசு ஊழியர் வேண்டுமென்றே கடமை தவறினால் 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது. புகார் கொடுத்தால் ரசீது கேட்டு வாங்குவோம். மறுத்தவர் பெயரையும் தேதியையும் எழுதி வைப்போம்.