சேமக்காலைக்குப் போகுமுன்

1990 ஆனியில் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய எம்மவர்கள், காணி விடுவிக்கப்பட்டதும் முதலில் தேடுவது வீட்டையும் கிணற்றையும். அடுத்துக் கால் போவது சேமக்காலைக்கு. கார்த்திகை 2, மரித்தோர் நினைவு நாள் நெருங்கினால் அவசரமும் கூடிவிடும்.

அவசரப்பட்டுப் பற்றைக்கு நெருப்பு வைக்காதீர்கள். மண்ணில் புதைந்துள்ள எறிகணை சூட்டில் வெடிக்கலாம். சுண்ணாம்புக் கல்லறையும் பிளந்துபோகும். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடந்தானா என்று கிராம அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே உள்ளே செல்லுங்கள். மண்டையோட்டுப் பலகை நிற்கும் எல்லையைத் தாண்டவே கூடாது.

பங்கின் மரணப் பதிவேடு தப்பியிருந்தால் பெயரும் திகதியும் கிடைக்கும். அடக்கிய இடம் பெரும்பாலும் அதில் இராது. அது ஊர் முதியவர்களின் நினைவில்தான் உண்டு. பூவரசடி என்பார்கள், பூவரசு இன்று நிற்காது. ஆகவே கோவில் சுவரிலிருந்து, கிணற்றிலிருந்து எத்தனை எட்டு என்று கேட்டு, கொப்பியில் எழுதிவையுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

வெடிப்பில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் பெயர்ந்து வரும். அடியோடு வெட்டுங்கள், துளிர்த்தால் மறுபடியும் வெட்டுங்கள். பாசியைத் தேய்க்கத் தும்பும் தண்ணீரும் போதும், கம்பித் தூரிகை எழுத்தையே தின்றுவிடும். மங்கிய எழுத்தை உச்சி வெயிலில் வாசிக்க முடியாது. பொழுது சாயும் நேரம் போய்ப் பாருங்கள். பக்கத்திலிருந்து விழும் வெளிச்சத்தில் பெயர் தெரியும்.