பெல்ட் மாத்தியாச்சுன்னு சொன்னாங்களே... எந்த பெல்ட்?



போன மாதங்களில் ஆடு வளர்ப்பு, தையல் மெஷின் பராமரிப்பு பற்றியெல்லாம் பார்த்தோம். இந்த மாதம் வண்டி பற்றிப் பேசப் போகிறோம். "அது ஆம்பளைங்க சமாச்சாரம், நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள். வண்டி வாங்க கடன் எடுத்தது நாம். தவணை கட்டுவதும் நாம். அப்புறம் அது நம் சமாச்சாரம் இல்லாமல் வேறு யாருடையது?

நடந்த கதை

நம் குழு ஒன்றில் ஒரு அக்கா, குழுவில் கடன் வாங்கி பழைய டாடா இண்டிகா டீசல் கார் ஒன்று எடுத்தார். வீட்டுக்காரர் வாடகைக்கு ஓட்டினார். பழனி கோயில், திண்டுக்கல் ஆஸ்பத்திரி, முகூர்த்த நாள் என்று மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடும். ஒன்றரை வருடம் ஒரு தவணை தவறவில்லை.

ஒரு நாள் ஒட்டன்சத்திரம் தாண்டி ஓடிக்கொண்டிருந்த வண்டி 'டக்'கென்று நின்றது. மறுபடி ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தார், எடுக்கவில்லை. கட்டி இழுத்துப் போய் பட்டறையில் விட்டால், "டைமிங் பெல்ட் அறுந்து போச்சு, வால்வு எல்லாம் வளைஞ்சு போச்சு" என்றார்கள். "போன வருஷம்தானே பெல்ட் மாத்தினோம்!" என்று அக்கா பழைய பில்லை எடுத்துக் காட்டினார். பில்லில் 'பெல்ட் - 1' என்றுதான் இருந்தது. அது ஃபேன் பெல்ட். மெக்கானிக் பொய் சொல்லவில்லை. எந்த பெல்ட் என்று நாம் யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

17 நாள் வண்டி பட்டறையில் கிடந்தது. மூன்று தவணை நின்றது. கூட்டத்தில் நாலு பேர் நாலு விதமாகப் பேச, அந்த அக்கா கூட்டத்துக்கே வருவதை நிறுத்தி விட்டார். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

டைமிங் பெல்ட் என்ன செய்கிறது?

எஞ்சினுக்குள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அதற்கு மேலே வால்வுகள் திறந்து மூடுகின்றன. இரண்டும் ஒரே தாளத்தில் நடக்க வேண்டும். கோலாட்டத்தில் ஒருவர் தாளம் தப்பினால் கோல் விரலில் படும் அல்லவா, அது போலத்தான். கீழே இருக்கிற கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது மேலே இருக்கிற கேம் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் பல் வைத்த அந்த ரப்பர் பெல்ட்.

பெல்ட் அறுந்தால் வால்வு நின்றுவிடும், பிஸ்டன் மட்டும் வேகத்தில் மேலே வரும். திறந்தபடி நிற்கிற வால்வில் இடிக்கும். டீசல் எஞ்சினில் இடைவெளி மிகக் குறைவு, அதனால் சேதம் அதிகம். சில பெட்ரோல் எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், வேறு சேதம் வராது. ஆனால் அதை நம்பி இருக்கக் கூடாது.

எல்லா வண்டிக்கும் உண்டா?

இல்லை. சில வண்டிகளில் பெல்டுக்குப் பதில் இரும்புச் செயின் இருக்கும். மாருதி 800, ஆம்னி, பழைய சான்ட்ரோ, இண்டிகா டீசல் இவற்றில் பெல்ட். பழைய இன்னோவா டீசலில் பெல்ட். 2016-ல் வந்த இன்னோவா கிரிஸ்டா டீசலில் செயின். ஸ்விஃப்ட் டிசையர் 1.3 டீசலிலும் செயின்தான். உங்கள் வண்டியில் எது என்று முதலில் கேட்டுத் தெரிந்து கொள்ளுங்கள்.

எப்போது மாற்ற வேண்டும்?

வண்டியோடு வந்த புத்தகத்தில் கிலோமீட்டரும் வருடமும் போட்டிருக்கும். பொதுவாக 60,000 முதல் 1 லட்சம் கிலோமீட்டருக்குள் வரும். வண்டி அதிகம் ஓடவில்லை என்றாலும் ரப்பர் காய்ந்து போகும், அதனால் வருடக் கணக்கும் பார்க்க வேண்டும். எது முதலில் வருகிறதோ அதுதான் கணக்கு. பெல்ட் மூடிக்குள்ளே இருப்பதால் வெளியே தெரியாது. பெரும்பாலும் சத்தம் கூட வராது, சொல்லாமல் கொள்ளாமல் அறுந்து விடும்.

பழைய வண்டி வாங்கும்போது, பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லை என்றால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு உடனே மாற்றி விடுங்கள்.

பெல்ட் மட்டும் போதுமா?

போதாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனரும், கூட இருக்கிற பேரிங்கும் சேர்த்து மாற்ற வேண்டும். அது இறுகி நின்றால் புது பெல்ட்டும் அறுந்து விடும். பல வண்டிகளில் வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் சுற்றும். அதையும் அப்போதே மாற்றினால் கூலி ஒரு தடவையோடு போகும். ஆயில் சீல் கசிந்தால் அதையும் மாற்ற வேண்டும். ஆயில் பட்டால் பெல்ட் கெட்டுவிடும்.

அந்த அக்கா வீட்டுக் கணக்கு

நேரத்தோடு மாற்றியிருந்தால்:
பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் - ரூ.4,000
கூலண்ட் - ரூ.500
கூலி - ரூ.1,500
மொத்தம் - ரூ.6,000

அறுந்த பிறகு ஆனது:
வண்டி இழுத்த கூலி - ரூ.2,500
வால்வு, கைடு - ரூ.4,800
லேத் வேலை - ரூ.3,200
ஹெட் கேஸ்கட், சீல் - ரூ.2,100
பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் - ரூ.4,000
ஆயில், கூலண்ட் - ரூ.2,600
கூலி - ரூ.6,800
மொத்தம் - ரூ.26,000

17 நாள் வருமானம் போனது இதில் சேரவில்லை. வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் விலை மாறும். பெரிய வண்டிக்கு இரண்டுமே கூடும். இன்சூரன்ஸ் வருமா என்று கேட்பீர்கள். தேய்மானத்துக்கும் இயந்திரக் கோளாறுக்கும் சாதாரண இன்சூரன்ஸில் பணம் வராது.

இப்போது கணக்கைத் திருப்பிப் பாருங்கள். 6,000 ரூபாயை 60,000 கிலோமீட்டருக்குப் பிரித்தால் ஒரு கிலோமீட்டருக்கு 10 பைசா. மாதம் 3,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு 300 ரூபாய். மாதா மாதம் தனியாக எடுத்து வைத்தால் 20 மாதத்தில் பணம் கையில் இருக்கும். முடியவில்லையா? குழுவில் உள்கடன் கேளுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டியில் 6,000 ரூபாயை ஆறு தவணையில் அடைத்தால், குறையும் வட்டி முறையில் மொத்த வட்டி 210 ரூபாய்தான்.

பட்டறையில் கேட்க வேண்டியவை

1. "டைமிங் பெல்ட்டா, ஃபேன் பெல்ட்டா?" பில்லில் பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள்.
2. வேலைக்கு முன்பே எஸ்டிமேட் வாங்குங்கள். சாமான் தனி, கூலி தனி.
3. கழற்றிய பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். டைமிங் பெல்ட்டின் உள்பக்கம் குறுக்கே பற்கள் இருக்கும். ஃபேன் பெல்ட்டில் பெரும்பாலும் நீளவாக்கில் கோடுகள்தான் இருக்கும்.
4. மாற்றிய தேதி, கிலோமீட்டர் இரண்டையும் நோட்டில் எழுதுங்கள். பானட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டச் சொல்லுங்கள்.
5. ஓடுகிற வண்டி திடீரென்று நின்றால் மறுபடி மறுபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று ஓட்டுபவரிடம் சொல்லி வையுங்கள். சேதம் கூடும்.

கூட்டத்தில் பேசுங்கள்

அந்த அக்கா வீட்டுக்குக் குழுப் பிரதிநிதிகளோடு நாங்களும் போனோம். தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் தீர்மானம் போட்டார்கள். இப்போது அவர் கூட்டத்துக்கு வருகிறார். வண்டியும் ஓடுகிறது. ஒன்று மட்டும் சொன்னார்: "பில்லுல பெல்ட்டுனு பார்த்தேன், சரின்னு பீரோவுல வெச்சேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

உங்கள் குழுவில் வாகனக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அவர்கள் வண்டியில் பெல்ட்டா, செயினா? கடைசியாக மாற்றியது எப்போது? அடுத்த கூட்டத்தில் கேட்டு, தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இனி வாகனக் கடன் கொடுக்கும்போது, வண்டி விலையோடு பராமரிப்புக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.