தண்ணீர் ஏறிய பள்ளத்தாக்குகள்

டிக்கோயா தாண்டி நோர்வூட் போகிற வழியில் ஒரு வளைவில் ஓட்டோ நின்றது. “இறங்கிப் பாருங்கண்ணே, இதுதான் நம்ம நோர்வே” என்றார் ஓட்டி வந்த தம்பி. கீழே காசல்ரீ நீர்த்தேக்கம், தேயிலை மலைகளின் இடுக்குகளுக்குள் விரல் விரலாக நீண்டு கிடந்தது. எதிர்க்கரையில் ஒரு லயத்தின் தகரக் கூரை, அதற்குக் கீழே செம்மண் பட்டை, அதற்கும் கீழே தண்ணீர். நோர்வே படத்தைப் பக்கத்தில் வைத்து வித்தியாசம் கேட்டால் கொஞ்சம் யோசிக்கத்தான் வேண்டும்.

நோர்வேக்குப் போகிறவர்களில் பலர் பேர்கன் துறைமுகத்தில் தொடங்குவார்கள். வடக்கிலிருந்து வந்த காய்ந்த மீனை ஜெர்மன் வணிகர்கள் வாங்கி விற்ற இடம் அது. அவர்களுடைய மரப் பண்டகசாலை வரிசையை 1979இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அதைப் பார்த்துவிட்டுப் படகேறினால் ‘பியோர்ட்’ எனும் கடல்நீர்ப் பள்ளத்தாக்குகள். பேர்கன் மழைக்கும் பேர்போன ஊர். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. 5,000 மில்லிமீட்டர் வாங்குகிற நம் வட்டவளைக்காரர் அதைக் கேட்டால் சிரிப்பார்.

பியோர்ட்டைச் செதுக்கியது பனியாறு. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்பான பனிக்கட்டி கற்களையும் இழுத்துக்கொண்டு பள்ளத்தாக்கில் அங்குலம் அங்குலமாக நகரும்போது, அடியையும் பக்கங்களையும் சேர்த்தே சுரண்டும். ஆறு வெட்டுகிற பள்ளம் கீழே போகப் போகக் கூராக ஒடுங்கும். பனியாறு வெட்டியது தொட்டிபோல அடி அகன்று இருக்கும். கடலை நெருங்கும்போது பனி மெலிந்து மிதக்கத் தொடங்குவதால் வாசலில் சுரண்டும் வலு குறைகிறது. சுமந்து வந்த கல்லும் மண்ணும் அங்கே குவிந்தும் விடுகின்றன. அதனால்தான் நோர்வேயின் சோக்னபியோர்ட்டின் உட்பகுதி 1,300 மீட்டர் ஆழம், வாசலிலோ 200 மீட்டர்கூட இல்லை.

காசல்ரீ இதற்கு நேர் தலைகீழ். அணைக்கட்டு நிற்கும் வாசலில்தான் ஆழம் அதிகம். உள்ளே போகப் போக ஆழம் குறைந்து, ஓடை வந்து விழுகிற இடத்தில் முழங்கால் அளவு சேறாக முடியும். பனியாறு தங்குவதற்கு நம் மலையில் இடமும் இல்லை. தீவின் உச்சியான பிதுருதலாகலையே 2,524 மீட்டர்தான். பூமத்திய ரேகைக்கு இவ்வளவு கிட்டத்தில், பனி யுகத்திலும் அந்த உயரம் போதாது. நுவரெலியா அறிந்த பனியெல்லாம் தை, மாசி விடியலில் புல்லிலும் கொழுந்திலும் வெள்ளையாகப் படிந்து, வெயில் ஏறியதும் இலையைக் கருக்கிவிட்டுப் போகிற உறைபனிதான்.

அப்படியானால் அந்த விரல்கள்? கெஹெல்கமு ஓயாவும் அதன் கிளை ஓடைகளும் கெட்டியான பழம்பாறையில், பாறையின் மடிப்பையும் வெடிப்பையும் தேடித் தேடி அறுத்த பள்ளங்கள் அவை. அணை கட்டியதும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு ஏறி, எல்லாப் பள்ளத்துக்குள்ளும் புகுந்து நின்றது. நில அளவைப் படத்தில் சமஉயரக் கோடு என்று வளைந்து வளைந்து போகுமே, சுமார் 1,100 மீட்டர் உயரத்தில் அப்படியொரு கோட்டைத் தண்ணீரே மலையில் வரைந்து காட்டியிருக்கிறது. அணைக்குக் காரணம் மின்சாரம். களனியின் தலையாறுகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே வாதிட்டவர் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர. காசல்ரீயின் நீரில் 1965இல் ஓடத் தொடங்கிய மின்நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிற மவுசாக்கலையின் கதை வேறு; அங்கே ஓர் ஊரே தண்ணீருக்குள் போயிற்று. 1960களின் இறுதியில் மஸ்கெலியா ஓயாவை மறித்தபோது பழைய மஸ்கெலியா நகரம் முங்கியது. இப்போதைய நகரம் மேட்டில் பிறகு எழுந்தது. மழை பொய்த்த ஆண்டில் தண்ணீர் வற்றினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் வெளியே தெரியும். சிவனொளிபாதமலைப் பருவமும் வறட்சியும் ஒன்றாக வந்தால், மலையடிவார நல்லதண்ணிக்குப் போகிறவர்கள் வழியில் இறங்கி, வெடித்த சேற்றில் நடந்துபோய்ப் பார்க்கிறார்கள். சேறு படிந்த கருங்கல்லில் யாரோ சூடம் கொளுத்திவிட்டுப் போன கரி வட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். நோர்வேயின் எந்தப் பியோர்ட்டும் இதைக் காட்டாது.

இந்த இரண்டு தேக்கத்து நீரும் களனியாகி, கொழும்புக்கு வடக்கே கடலில் சேர்கிறது. ஹட்டன் பக்கத்து முகடுகள் நீரைப் பிரிக்கும் கோடு. அந்தப் பக்கம் தலவாக்கலை மலையில் விழுகிற மழை கொத்மலை ஓயாவில் இறங்கி, மகாவலியாகி, தீவையே சுற்றிக்கொண்டு வடகிழக்கே போகிறது. மகாவலியின் நீளம் 335 கிலோமீட்டர். முடிவது திருகோணமலையை ஒட்டிய கொட்டியாரக்குடாவில். ஆகவே நம் தேயிலை மலைக்கென்று ஒரு பழம் துறைமுகம் தேடினால் எனக்குக் கொழும்பு தோன்றாது; அது அலைதாங்கி கட்டி உண்டாக்கியது. திருகோணமலை இயற்கை தந்தது.

அதுவும் நீர் ஏறிய பள்ளத்தாக்குதான். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பனி யுகத்துப் பனி உருகிக் கடல் உயர்ந்தபோது, கரையோரப் பள்ளங்களில் உப்புநீர் புகுந்தது. பியோர்ட்டைப்போல வாசலில் மேடு கிடையாது. குடாவிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்கி, வெளியே போகப் போக ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழத்துக்கு இறங்குகிறது. கோண்டுவானா நிலம் பிளந்து, அந்தாட்டிக்கா இலங்கையை விட்டு விலகிய காலத்து வெடிப்புகளுக்கும், பின்னர் ஆறு கொண்டுவந்த மணலும் சேறும் சரிந்தோடி அரித்ததற்கும் அதில் பங்கு உண்டு. கரைக்கு இவ்வளவு கிட்டத்தில் அவ்வளவு ஆழம் கிடப்பதால்தான் நீலத் திமிங்கிலங்களும் இங்கே கரையோரம் வருகின்றன. கோணேசர் கோயில் மலையுச்சியில் நின்று கடலை உற்றுப் பார்க்கிறவர்களில் பாதிப் பேர் சாமி கும்பிட வந்தவர்கள், மீதிப் பேர் திமிங்கிலத்துக்குக் காத்திருப்பவர்கள். இரண்டையும் சேர்த்துச் செய்கிறவர்களும் உண்டு.

போர்த்துக்கேயர் 1622இல் அந்தக் கோயிலை இடித்து, அதன் கல்லை எடுத்துக் கோட்டை கட்டினார்கள். பின் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர். துறைமுகத்தின் ஆழத்தை மோப்பம் பிடித்து வந்தவர்களின் வரிசை அது. கொட்டியாரக்குடாவில் கப்பலைச் செப்பனிட வந்த ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸுக்குத் துறைமுகத்தைப் பிடிக்கும் ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. 1660இல் கண்டி அரசனின் ஆட்கள் அவரைப் பிடித்து நாட்டின் உள்ளே கொண்டுபோனார்கள். 19 ஆண்டு கழித்துத்தான் தப்பினார்.

மழை பிடித்த நாளில் கொத்மலை ஓயா பால்தேநீர் நிறத்தில் ஓடும். அந்தச் சேற்றில் பெரும்பகுதி கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல அணைகளுக்குள்ளேயே படிந்துவிடுகிறது. கொட்டியாரக்குடாவின் மூதூர்க் கரையில் நின்றபோது, ஆற்று வாயில் கலங்கலாகத் தெரிந்ததில் எங்கள் தோட்டத்து மண் எவ்வளவு என்று கணக்குப் போடப் பார்த்தேன். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்தவர், “மலையில மழையா?” என்று கேட்டார்.