கைக்குத் தொழில் உண்டு, தொழிலுக்குப் பெயர் இல்லை

உடம்பு பிடித்துவிடுபவர்களுக்கு மும்பையில் வேலைக்குப் பஞ்சமில்லை. அவர்களுக்காகப் பேச ஒரு சங்கம், பெயரைப் பதிய ஒரு ஏடு வேண்டும். அதற்கான கதவுகள் சில பாதி திறந்தே இருக்கின்றன.

காலை 7 மணிக்கு கோவண்டி ஸ்டேஷனை நோக்கி விரையும் கூட்டத்தில் கொத்தனாரைக் கரண்டியை வைத்து அடையாளம் காணலாம். பிளம்பரை அவர் தோளில் தொங்கும் பையே காட்டிக்கொடுத்துவிடும். மாலிஷ் செய்பவரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். அவரது மூலதனம் ஒரு புட்டி எண்ணெயும் பத்து விரல்களும்தான்.

இந்தத் தொழிலில் பல ரகம். பிரசவமான வீட்டுக்குப் போய்த் தாய்க்கும் சேய்க்கும் எண்ணெய் தேய்த்து உருவிவிடும் பெண்ணை மும்பை 'மாலிஷ்வாலி' என்கிறது. நம் ஊரில் குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டி செய்த வேலைதான். பாட்டி இல்லாத செம்பூர் அடுக்குமாடி வீடுகளில் அது சம்பள வேலையாகிவிட்டது. சலூனில் தலையைத் தட்டியே தூக்கம் வரவைக்கும் 'சம்பி'க்காரர்கள், மாலை நேரத்தில் சௌபாத்தி கடற்கரையில் எண்ணெய்ப் புட்டிகளுடன் உலவுபவர்கள், ஸ்பாக்களில் சீருடை அணிந்து நிற்கும் இளம் பெண்கள், விரல்களையே கண்களாக்கிப் பாதங்களை அழுத்திவிடும் பார்வையற்றவர்கள் எல்லோரும் ஒரே தொழிலின் கிளைகள்.

ஆனால் 'என்ன வேலை பார்க்கிறீர்கள்?' என்று கேட்டால் சட்டென்று பதில் வராது. மசாஜ் என்ற சொல்லோடு இன்னொரு அர்த்தமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கோ ஒரு ஸ்பாவில் போலீஸ் சோதனை என்று பத்திரிகையில் செய்தி வந்தால், அதற்குச் சம்பந்தமே இல்லாத ஒருவர் மறுநாள் வேலைக்குக் கிளம்பும்போது அக்கம்பக்கத்தின் பார்வையைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது.

கோவண்டியை உள்ளடக்கிய எம்-கிழக்கு வார்டு, 2009இல் வெளியான மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் நகரின் வார்டுகளிலேயே கடைசி இடத்தில் இருந்தது. பக்கத்து சீட்டா கேம்ப், 1976இல் அணுசக்தி மையத்தை ஒட்டியிருந்த ஜனதா காலனி காலி செய்யப்பட்டபோது உருவான குடியிருப்பு. தமிழ்க் குரல்கள் இன்றும் சர்வசாதாரணமாகக் கேட்கும் இடம். தொழிலாளர் நலனைப் பட்டப்படிப்பாகவே சொல்லித்தரும் டாட்டா சமூக அறிவியல் கழகமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. படிப்பு ஒரு பக்கம், பாடம் மறுபக்கம்.

பட்டியலில் இல்லாதவர்கள்

மருத்துவர், செவிலியர் தவிர்த்த சுகாதாரப் பணியாளர்களுக்காக நாடாளுமன்றம் 2021இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது: துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். பத்துப் பிரிவுகளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள் அதன் அட்டவணையில் இருக்கின்றன. பிசியோதெரபிக்குத் தனிப் பிரிவே உண்டு. மசாஜ் ஒரு தனித் தொழிலாக அதில் இடம்பெறவில்லை.

விளைவு? நாடு முழுவதற்குமான பதிவேடு இல்லை. கட்டாயத் தேர்வு இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நன்றாகக் கற்றவருக்கும், நேற்று ஆரம்பித்தவருக்கும் வித்தியாசம் காட்ட வழியில்லை. வாடிக்கையாளருக்கும் இது ஆபத்துதான். காலில் ஆழமான ரத்தக் குழாயில் கட்டி உறைந்திருப்பவரின் வீங்கிய காலை அழுத்தி உருவினால், அந்தக் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே உலை வைக்கலாம். எங்கே கை வைக்கக் கூடாது என்று அறிவதே இந்தத் தொழிலின் முதல் பாடம். அதைக் கற்றிருக்கிறாரா என்று சோதிக்கத்தான் ஆளில்லை.

ஒழுங்குமுறை என்ற பெயரில் இங்கே வருவது பெரும்பாலும் போலீஸ் நடவடிக்கைதான். ஸ்பாக்களில் கண்காணிப்புக் கேமரா வைக்கவேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு நீதிபதி உத்தரவிட்டார். அது உடல் சார்ந்த அந்தரங்க உரிமையை மீறும் என்று 2022 ஜனவரியில் மதுரைக் கிளையின் இன்னொரு நீதிபதி கருத்துச் சொன்னார். இரண்டு தீர்ப்புகளும் கேமராவைப் பற்றிப் பேசின. அந்த அறையில் வேலை செய்பவரின் தகுதி என்ன, அதை யார் சான்றளிப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நான்கு பெண்கள் செய்த வேலை

இதே அவப்பெயரை லண்டன் நூறாண்டுகளுக்கு முன்பே சந்தித்தது. மசாஜ் நிலையங்கள் என்ற பெயரில் விபசாரம் நடப்பதாக 1894இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் எழுத, மசாஜ் கற்றுக்கொண்டு நோயாளிகளுக்குச் செய்துவந்த செவிலியர்கள் தலைகுனிந்தார்கள். அவர்களில் நான்கு பெண்கள் அதே ஆண்டில் ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறுப்பு அறிக்கை வெளியிடுவதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. தேர்வு வைத்தார்கள், தேறியவர்களின் பெயரை ஏட்டில் எழுதினார்கள், மருத்துவரின் யோசனை இல்லாமல் சிகிச்சை தருவதில்லை என்று விதி போட்டார்கள்.

அந்தச் சங்கத்துக்கு 1920இல் அரச சாசனம் கிடைத்தது. 1944இல் அதன் பெயர் சார்ட்டர்டு சொசைட்டி ஆஃப் பிசியோதெரபி என்று மாறியது. இன்று மரியாதையோடு பார்க்கப்படும் பிசியோதெரபி, பிரிட்டனில் மசாஜ் செய்த பெண்களின் சங்கத்திலிருந்து வளர்ந்ததுதான். முதல் உலகப் போரில் கண் இழந்த வீரர்களுக்கு அங்கே கற்றுத்தரப்பட்ட தொழில்களில் மசாஜும் ஒன்று.

அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, பாட்னாவில் பிறந்த சேக் தீன் முகமது என்பவர் பிரைட்டன் கடற்கரையில் நீராவிக் குளியல் நிலையம் நடத்தி, நம் 'சம்பி'யை ஆங்கிலேயருக்கு அறிமுகம் செய்தார். இரண்டு மன்னர்களுக்கு உடம்பு பிடித்துவிடும் நிபுணராக நியமிக்கப்பட்டார். 'ஷாம்பூ' என்ற ஆங்கிலச் சொல்லே அங்கிருந்து வந்ததுதான். சொல்லை ஏற்றுமதி செய்த நாட்டில் தொழிலுக்குச் சான்றிதழ் இல்லை என்பது வேடிக்கைதான்.

கண் இல்லாதவர்களின் கோட்டை

சங்கத்தின் பலத்தை இன்னும் அழுத்தமாகக் காட்டியவர்கள் கிழக்கு ஆசியாவின் பார்வையற்றவர்கள். ஜப்பானில் மசாஜ் தொழிலுக்கு 1947இலேயே சட்டம் வந்துவிட்டது. உரிமம் இல்லாமல் தொழில் செய்ய முடியாது. பார்வையுள்ளவர்களுக்கான மசாஜ் பள்ளிகள் பெருகிப் பார்வையற்றவர்களின் பிழைப்பைக் கெடுத்துவிடாமல் தடுக்கவும் சட்டத்தில் பிரிவு உண்டு. அந்தப் பிரிவு செல்லாது என்று தொடரப்பட்ட வழக்கை ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நிராகரித்தது.

தென் கொரியாவில் மசாஜ் உரிமம் பார்வையற்றவர்களுக்கு மட்டுமே. அந்த விதியை அரசியல் சாசன நீதிமன்றம் 2006இல் ரத்து செய்தபோது அவர்கள் சியோலில் ஹான் நதிப் பாலத்தில் ஏறிப் போராடினார்கள். சில மாதங்களிலேயே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி உரிமையைத் திருப்பிக் கொடுத்தது. அதே நீதிமன்றம் 2008இல் அந்தத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

இந்தியாவில் அப்படிப்பட்ட தனியுரிமை கிடையாது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் குறைந்தது 4 சதவீத இடத்தை ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் பார்வையற்றவர்களுக்கும் குறைபார்வை உள்ளவர்களுக்கும். ஆனால் மசாஜ் பெரும்பாலும் தனியார் வேலை. ஒதுக்கீடு அங்கே எட்டாது. அங்கே அவர்களுக்குத் துணை சொந்தத் திறமையும், கூடி நிற்கும் பலமும்தான்.

எங்கே வேலை, எப்படிச் சான்றிதழ்

திறமைக்கு மதிப்புள்ள இடங்கள் இங்கும் இல்லாமல் இல்லை. வான்கடே மைதானத்தில் 2011 உலகக் கோப்பையை வென்ற இந்திய கிரிக்கெட் அணியோடு இருந்த மசாஜ் நிபுணர் மும்பையின் ரமேஷ் மானே. இந்திய விளையாட்டு ஆணையமும் தன் பயிற்சி மையங்களுக்கு ஒப்பந்த அடிப்படையில் மசாஜ் பணியாளர்களை எடுத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் சித்த மருத்துவம் ஒரு வழி. உடம்பைப் பிடித்துவிடும் 'தொக்கணம்' அதன் 32 புற மருத்துவ முறைகளில் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று தொடங்கி ஒன்பது வகையாக அதைப் பிரித்திருக்கிறார்கள். அரசு இந்திய மருத்துவத் துறையில் தெரபியூட்டிக் அசிஸ்டென்ட் பணியிடங்கள் ஆண், பெண் என்று தனித்தனியே நிரப்பப்பட்டிருக்கின்றன. அதற்கு நர்சிங் தெரபி டிப்ளமா கேட்கிறார்கள். கேரளத்தில் சுற்றுலாத் துறை ஆயுர்வேத நிலையங்களைத் தரம் பிரிக்கிறது. பயிற்சி பெற்ற ஆணும் பெண்ணும் பணியில் இருக்கவேண்டும் என்பது அதற்கான நிபந்தனைகளில் ஒன்று.

பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் வழி உண்டு. அழகு மற்றும் நலவாழ்வுத் துறைக்கான திறன் குழு, ஸ்பா தெரபிஸ்ட் வேலைக்கும் அவருடைய உதவியாளர் வேலைக்கும் பாடத்திட்ட வரையறை வைத்திருக்கிறது. ஏற்கெனவே கை பழகியவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு, பிரதமரின் கௌசல் விகாஸ் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. இருபது ஆண்டு அனுபவத்தை ஒரு காகிதமாக மாற்றிக்கொள்ள அது வாய்ப்பு. ஆனால் இது திறமைக்கான சான்றுதான், தொழில் நடத்தும் உரிமம் அல்ல. இரண்டும் ஒன்று என்று சொல்லிக் கட்டணம் வசூலிக்கும் பயிற்சி நிலையங்களிடம் எச்சரிக்கை தேவை.

கடற்கரையில் புட்டியோடு உலவுபவருக்கும் சட்டம் இருக்கிறது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் பொதுமக்களுக்குச் சேவை அளிப்பவரையும் தெரு வியாபாரி என்கிறது. அந்த வரையறைக்குள் மாலிஷ்காரரும் வருவார் என்று வாதிட இடமிருக்கிறது. விற்பனைச் சான்றிதழோ பரிந்துரைக் கடிதமோ கிடைத்துவிட்டால், பி.எம். ஸ்வநிதி கடனுக்கும் கை நீட்டலாம். 2020இல் முதல் தவணை 10,000 ரூபாய் என்று தொடங்கிய அந்தத் திட்டத்தில், 2025இல் அது 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது.

செல்போன் செயலி மூலம் வீட்டுக்கே போய் வேலை செய்பவர்கள் இன்னொரு வகை. அவர்களைச் 'சுதந்திரப் பங்குதாரர்கள்' என்று அழைப்பது நிறுவனங்களுக்குச் சௌகரியம். கமிஷனும் அபராதமும் எதிர்த்து 2021 அக்டோபரில் குருகிராமில் பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இவர்களுக்கான நிதிக்கு நிறுவனங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 சதவீதம் செலுத்தவேண்டும் என்கிறது. அமைப்புசாரா தொழிலாளர்கள் எல்லோருக்கும் 2021 முதல் இ-ஷ்ரம் பதிவு இருக்கிறது.

யாருக்கு எதிராகச் சங்கம்?

இப்படிக் கதவுகள் பல. எல்லாமே பாதி திறந்தவை. தனியாளாகப் போய்த் தட்டினால் எந்த அலுவலகத்திலும் வரும் முதல் கேள்வி, 'உங்கள் முதலாளி யார்?' என்பதுதான். வீடு வீடாகப் போகும் மாலிஷ்வாலிக்கு முதலாளி பத்துப் பேர். அல்லது யாருமே இல்லை.

இந்தக் கேள்வியை 1972இல் ஆமதாபாத்தில் இலா பட் சந்தித்தார். தலைச்சுமைக்காரப் பெண்களுக்கும் தெருவில் விற்கும் பெண்களுக்கும் 'சேவா' அமைப்பைத் தொழிற்சங்கமாகப் பதியப்போனபோது, முதலாளியே இல்லாதவர்கள் யாரை எதிர்த்துப் போராடப் போகிறார்கள் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். சங்கம் யாரையும் எதிர்ப்பதற்கு மட்டுமல்ல, தொழிலாளிகள் ஒன்றுகூடுவதற்கும்தான் என்பது அவரது வாதம். பதிவு கிடைத்தது. 'சேவா' இன்று லட்சக்கணக்கான பெண்களின் அமைப்பு.

மாலிஷ்காரர்களின் நிலையும் இதுதான். ஒரு சங்கம் என்றால் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. யாரெல்லாம் உறுப்பினர் என்று ஒரு ஏடு, எங்கே கை வைக்கக் கூடாது என்று ஒரு பக்க விதி, கூலிக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, புகார் வந்தால் விசாரிக்க ஐந்து பேர். 1894இல் அந்த நான்கு பெண்களிடம் இருந்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். ஏடு இருந்தால் சந்தேகத்தோடு கதவைத் திறக்கும் வீட்டுக்காரருக்குக் காட்ட அட்டை கிடைக்கும். போலீஸ்காரர் கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். தவறு செய்பவரை நீக்கவும் முடியும். பெயரைக் காப்பாற்ற அதைவிட நல்ல வழி இல்லை.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, தொட்டுச் செய்யும் தொழில் என்பதால் இவர்களுடைய பிழைப்பு முதல் நாளே நின்றது. நிவாரணம் கேட்க யார் பெயரில் மனு எழுதுவது என்றுகூடத் தெரியாத தொழிலாக அது இருந்தது.

மாலையில் திரும்பிவரும் ரயிலில் கோவண்டியில் இறங்குபவர்களின் கைகளில் நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் வாசனை இன்னும் ஒட்டியிருக்கும். ஊருக்கெல்லாம் வலி போக்கிய கைகள். அவற்றின் வலியைக் கேட்க ஒரு சங்கம் வேண்டும். அதைத் தொடங்கவேண்டியவர்களும் அவர்களேதான்.