ரேடார் திரையில் தெரியாத மழை: திருப்பதி, சித்தூர் எழுப்பும் கேள்வி

புது தில்லி: வானிலைக் கண்காணிப்பு குறித்து நாடாளுமன்றத்தில் கேள்வி எழும்போது, பெரும்பாலும் ரேடார்களின் எண்ணிக்கையே பதிலாகக் கிடைக்கிறது. 2014-இல் சுமார் 15 ஆக இருந்த டாப்ளர் ரேடார்கள் 2024-இல் 39 ஆக உயர்ந்தன என்பது அரசின் கணக்கு. ஆனால், குறிப்பிட்ட மாவட்டத்தின் மேல் ரேடார் கற்றை எவ்வளவு உயரத்தில் கடந்து செல்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது. ஊரில் மழை கொட்டும்போதும் ரேடார் படம் வெறுமையாக இருப்பதற்கான முக்கியக் காரணம் அந்த உயரத்தில்தான் அடங்கியுள்ளது. ஆந்திரத்தின் திருப்பதி, சித்தூர் பகுதிகள் இதற்குத் தக்க உதாரணம்.

இப்பகுதியின் வானத்தை முக்கியமாகக் கண்காணிப்பவை கடலோர ரேடார்கள். சென்னைத் துறைமுகத்தில் 2002-இல் நிறுவப்பட்ட ரேடாரிலிருந்து திருப்பதி சுமார் 110 கி.மீ. தொலைவிலும், சித்தூர் சுமார் 130 கி.மீ. தொலைவிலும் உள்ளன. ஸ்ரீஹரிகோட்டா ரேடாரிலிருந்து திருப்பதி சுமார் 90 கி.மீ. தொலைவில் இருந்தாலும், சித்தூர் அங்கிருந்தும் ஏறத்தாழ 130 கி.மீ. தொலைவில்தான் உள்ளது. மசூலிப்பட்டினம் ரேடாரோ 300 கி.மீ.க்கும் அப்பால் உள்ளது.

ரேடார் கற்றை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்கிறது; பூமியோ வளைந்து கீழிறங்குகிறது. எனவே, தொலைவு கூடக் கூடக் கற்றை தரையிலிருந்து விலகி உயர்கிறது. அரை டிகிரி மேல்நோக்கி அனுப்பப்படும் கற்றையின் மையம் 110 கி.மீ. தொலைவில் கடல் மட்டத்திலிருந்து 1.6 கி.மீ.க்கு மேலும், 130 கி.மீ. தொலைவில் 2 கி.மீ.க்கு மேலும் இருக்கும். கற்றையும் அதற்குள் சுமார் 2 கி.மீ. அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. சிறிய பரப்பில் பெய்யும் அடர்மழை அந்த அகலத்தில் கலந்து, வலுக் குறைந்ததாகவே பதிவாகும்.

இடையே உள்ள குன்றுகள் மற்றொரு தடை. நகரி மலைத்தொடர் போன்றவை கற்றையின் கீழ்ப்பகுதியை மறிக்கக்கூடும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சேஷாசலம் மலைகளில் மோதி மேலெழும்போது, தாழ்வான மேகங்களிலேயே மழைத்துளிகள் பெருகுகின்றன. கற்றை மேகத்தின் மேற்பகுதியை மட்டும் தொட்டுச் செல்ல, அதற்குக் கீழே பெருகும் மழை கணக்கில் வராமல் போகிறது.

துளியின் அளவும் முக்கியம். ரேடார் மழையை நேரடியாக அளப்பதில்லை. துளிகளில் பட்டுத் திரும்பும் அலையின் வலுவைக் கொண்டே மழையளவு கணிக்கப்படுகிறது. சில பெரிய துளிகள் தரும் எதிரொலி, ஏராளமான சிறு துளிகள் தரும் எதிரொலியைவிட வலுவானது. ஆகவே, சிறு துளிகளாக இடைவிடாது பெய்யும் மழையை ரேடார் குறைத்து மதிப்பிட வாய்ப்புண்டு.

சென்னை பள்ளிக்கரணையில் 2022 ஜனவரியில் தொடங்கிவைக்கப்பட்ட எக்ஸ்-பேண்ட் ரேடாரும் இக்குறையை முழுமையாகத் தீர்க்க இயலாது. அவ்வகை ரேடார்கள் சுமார் 100 கி.மீ. வரையே நன்கு பயன்படுபவை. மேலும், இடையே கனமழை பெய்தால் அவற்றின் அலைகள் வலுவிழந்து, அதற்கு அப்பால் உள்ள மழை மங்கலாகிவிடும்.

திருப்பதி மாவட்டம் காதங்கியில் விண்வெளித் துறையின் கீழ் இயங்கும் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம் உள்ளது. அங்குள்ள புகழ்பெற்ற எம்எஸ்டி ரேடார் செங்குத்தாக மேல்நோக்கி வளிமண்டல அடுக்குகளையும் காற்றோட்டத்தையும் ஆராய்வது. சுற்றுவட்டார மழையைப் படம்பிடிப்பது அதன் பணியன்று.

இது ஆந்திரத்தின் கவலை மட்டுமல்ல. 2021 நவம்பர் 18, 19 தேதிகளில், வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் திருப்பதி வெள்ளக்காடானது. திருமலைக்குச் செல்லும் மலைப்பாதைகள் மூடப்பட்டன. கடப்பா மாவட்டத்தில் செய்யேறு ஆற்றின் குறுக்கே இருந்த அன்னமய்யா அணை உடைந்தது. அதே நாள்களில் பொன்னையாற்றிலும் பாலாற்றிலும் தமிழகத்துக்குள் பெருவெள்ளம் பாய்ந்தது. ஆரணியாறும், கொசஸ்தலையாற்றில் கலக்கும் நகரி ஆறும் இப்பகுதி மழைநீரையே தமிழகத்துக்குக் கொண்டுவருகின்றன. தாழ்வு மண்டலத்தின் பாதையை முன்கூட்டியே அறிந்தால் மட்டும் போதாது. எந்த மலைச்சரிவில், எந்த மணி நேரத்தில் எவ்வளவு மழை பெய்கிறது என்பது தெரிந்தால்தான் ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் மக்களை உரிய நேரத்தில் வெளியேற்ற முடியும்.

ரேடார் விட்டதைத் தரையில் உள்ள மழைமானியே ஈடுசெய்யும். மலைச்சரிவுகளில் தானியங்கி மழைமானிகளைப் பெருக்குவதும், அவற்றின் அளவீடுகளை ரேடார் கணிப்புடன் உடனுக்குடன் ஒப்பிட்டுத் திருத்துவதும், நீர்ப்பிடிப்புப் பகுதி மழை விவரத்தை இரு மாநிலங்களும் தாமதமின்றிப் பகிர்ந்துகொள்வதும் இன்றியமையாதவை.

வானிலைக் கட்டமைப்பை மேம்படுத்தும் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ரூ.2,000 கோடி ஒதுக்கீட்டுடன் ஒப்புதல் அளித்தது. புதிய ரேடார்களும் அதில் அடக்கம். அவை எத்தனை என்பதோடு, எந்த மலைக்கு எவ்வளவு அருகில் அமைகின்றன, அங்கே தரையிலிருந்து எந்த உயரத்துக்குக் கீழே பெய்யும் மழை அவற்றின் பார்வைக்குத் தப்பும் என்பதையும் உறுப்பினர்கள் அவையில் கேட்க வேண்டும். திரையில் நிறம் தெரியவில்லை என்பதற்காக மழை இல்லை என்று கருதிவிடுவதன் விலையைச் செலுத்துபவர்கள் ஆற்றங்கரையில் வாழும் மக்களே.