பள்ளிப்படி கடந்த பின்
மலைநாட்டுப் பழைய மாணவரின் தொழில்வழிகள்

விழா மலர்களிற் பழைய மாணவர் பட்டியல் ஒன்று இடம்பெறுதல் வழக்கம். வைத்தியர் இத்துணையர், பொறியியலாளர் இத்துணையர், நியாயவாதிகள் இத்துணையர் என அது நிரல்படக் கூறும். படிப்போர்க்கு உவகை தருவதே அப்பட்டியல். எனினும், ஒரு தொழிலை ஒருவர் விரும்பித் தேர்ந்தாரா, அன்றிப் பிற வாயில்கள் யாவும் அடைபட்டமையால் திறந்திருந்த ஒன்றினுட் புகுந்தாரா என்பதை அது காட்டுவதில்லை. இவ்வேற்றுமை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் நமது மலைநாடு. அதனை விளக்குதற்கு நம் கல்லூரியை விடுத்து, அட்டன் நகரிலுள்ள ஹைலன்ட்ஸ் கல்லூரியை எடுத்துக்கொள்கிறேன். நம்மவர் பொறுத்தருள்க, அயலார் கதையைச் சொல்லும்போது தற்புகழ்ச்சிக்கு இடமில்லை என்பதும் ஒரு வசதியே.

அக்கல்லூரி 1892ஆம் ஆண்டில் மெதடிஸ்த மிஷனாரால் தொடங்கப்பெற்றது. தோட்டப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டுமெனத் தோட்ட நிருவாகங்களைக் கட்டாயப்படுத்திய சட்டமோ அதற்குப் பின்னரேதான் வந்தது. அதன்பின் எழுந்த தோட்டப் பாடசாலைகளும் பெரும்பாலும் ஒரு கூடமும் ஓராசிரியருமாக, கீழ் வகுப்புகளோடு நின்றன. அதற்கு மேலும் கற்க விழைந்த பிள்ளை பட்டணத்துக் கல்லூரிக்குச் செல்லவேண்டும். அதற்கு வசதியுடையோர் கங்காணிமார், கணக்கப்பிள்ளைமார், கடைக்காரர் ஆகியோரின் மக்களே. ஆகவே, மலைநாட்டின் முதற் பழைய மாணவர் மிகச் சிலராயினர்.

அச்சிலருள் ஒருவர் சி. வி. வேலுப்பிள்ளை. பூண்டுலோயா மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914இற் பிறந்து, அட்டனிலும் பின்னர்க் கொழும்பு நாலந்தாக் கல்லூரியிலும் கற்றவர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் புகுந்தார். ஆங்கிலத்திற் கவிதை எழுதினார். தொழிலாளர் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். தொழிற்சங்கவாதியாய் வாழ்ந்து 1984இல் மறைந்தார். அரசியல்வாதி, கவிஞர், நாவலாசிரியர், சங்கப் பணியாளர் என ஒரே மனிதருக்கு நான்கு தொழில்! இதனை அவரது பன்முக ஆற்றல் என்று மட்டும் சொல்லி அமைதல் முழு உண்மையாகாது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தையும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டத் திருத்தத்தையும் அடுத்து, அவரைத் தெரிவுசெய்த மக்களிற் பெரும்பாலோர் வாக்குரிமையை இழந்தனர். 1952ஆம் ஆண்டுத் தேர்தலிலே தோட்டத் தமிழர் தம் உறுப்பினராக ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. பாராளுமன்றக் கதவு அடைபட்ட பின்னர் அவருக்கு எஞ்சியவை சங்கமும் பேனாவுமே.

சட்டம் வகுப்பறைக்குட் செய்த வேலையை இன்றைய மாணவர் அறிதல் நன்று. அரசாங்க உத்தியோகத்திற்குப் பிரசாவுரிமை வேண்டும். கல்லூரியிற் படித்துச் சித்தியெய்திய இளைஞனிடம் கல்வித் தராதரப் பத்திரம் இருந்தது. பிரசாவுரிமைப் பத்திரம் இல்லை. எழுதுவினைஞர் சேவை அவனுக்கில்லை. அரசாங்க ஆசிரியப் பதவியுமில்லை. எஞ்சியவை தோட்ட உத்தியோகங்களும், கொழும்புத் தனியார் கம்பனிகளும், பட்டணத்துக் கடைகளும், தொழிற்சங்கக் காரியாலயங்களுமே. ஆதலால், படித்தவர் கிளாக்கராயினர், கணக்கப்பிள்ளையாயினர், டீமேக்கராயினர். இவை இழிந்த தொழில்களல்ல. கொழுந்து வாட்டி, அரைத்து, பதமறிந்து, சூடறிந்து தேயிலையாக்கும் வித்தையை நூலிற் கற்றுவிட முடியாது. ஆயினும், இன்னொரு தொழிலுக்குப் போகும் உரிமை அவர்க்கு இருந்ததா என்பதே வினா.

சாரல்நாடன் என்னும் புனைபெயரால் நாமறிந்த நல்லையா அவர்களும் ஹைலன்ட்ஸ் மாணவரே. தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தராயிருந்துகொண்டே, சி. வி. பற்றியும், தோட்டத் தொழிலாளர்க்குச் சங்கம் கண்ட கோ. நடேசய்யர் பற்றியும் நூல்கள் எழுதினார். மலையக இலக்கிய வரலாற்றை ஆராயும் பட்டதாரிகள் இன்றும் அவர் நூல்களையே முதலில் நாடுகின்றனர். பல்கலைக்கழகம் செய்திருக்கவேண்டிய பணியை ஒரு டீமேக்கர் செய்தார் என்பதிற் பெருமையும் உண்டு, வருத்தமும் உண்டு.

அறுபதுகளில் அக்கல்லூரியில் ஆசிரியராகவும் பின் அதிபராகவும் விளங்கிய இர. சிவலிங்கம், தம் மாணவரிடையே புதியதோர் எழுச்சியை ஊட்டினார். ஆனால், 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. வகுப்புகளும் அவ்வாறே பங்கிடப்பட்டன. அட்டன் புகையிரத நிலையத்திலே கட்டியழுது பிரிந்தோர், தலைமன்னாரிற் கப்பலேறிச் சென்று, நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் மீண்டும் தேயிலையோடே வாழ்வைத் தொடங்கினர். சிவலிங்கம் அவர்களும் பிற்காலத்தில் நீலகிரி சென்று அம்மக்களிடையே பணிபுரிந்தார். ஆசிரியர் தம் மாணாக்கரைக் கடல் கடந்தும் பின்தொடர்ந்தார் என்றே யான் இதனைக் கொள்கின்றேன்.

1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் நாடற்றோர் என்னும் நிலையை நீக்கின. கதவு திறந்ததும் முதலில் உட்புகுந்தோர் ஆசிரியரே. பத்தனையில் ஸ்ரீபாதக் கல்வியியற் கல்லூரி எழுந்தது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலை பலரைப் பயிற்றியது. அங்குப் பயிற்சி பெற்றோருள் யானும் ஒருவன். என் தந்தையார் என்னைவிட நன்றாகக் கணிதம் அறிந்தவர். இளமையில் ஓர் அலுவலகத்தின் நேர்முகத் தேர்வுக்குச் சென்று, பிரசாவுரிமைப் பத்திரம் கேட்கப்பட்டதும் எழுந்து வந்து, ஓய்வுபெறும்வரை தோட்டத்திற் கணக்கப்பிள்ளையாயிருந்தார். எனக்கு நியமனக் கடிதம் வந்த நாளில் அதனை இருமுறை வாசித்தார், ஒன்றும் பேசவில்லை.

இன்றைய வாயில்களில் தடை வேறு. விஞ்ஞான, கணித உயர்தர வகுப்புகள் மலைநாட்டுத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் இல்லை. கலைப்பிரிவே கிடைப்பதால் கலைப்பிரிவிற் சேர்கின்றனர். சாதாரண தரத்தோடு கொழும்புக் கடைகளுக்குச் செல்வோரும் பலர். என் வகுப்பில் மின்சுற்றுகளைத் தானே அமைக்கவல்ல மாணவன் ஒருவன் இவ்வாண்டு நாடகமும் அரங்கியலும் படிக்கின்றான். நன்றாகவே நடிக்கின்றான், ஆயினும் அவன் கேட்டது அதுவன்று.

நம் பழைய மாணவர் சங்கம் இவ்விழாவையொட்டிப் பதிவேடொன்று ஆக்குவதாக அறிகின்றேன். அதில் உத்தியோகப் பெயருக்கென ஓர் இடம் உண்டு. அதனருகே, ‘முதலில் விரும்பிய தொழில் யாது?’ என்றும் ஒரு வரி சேர்க்குமாறு செயலாளரை வேண்டுகின்றேன். கடையில் நிற்பவரும், தோட்டத்தில் இருப்பவரும், நீலகிரிக்குப் போனவரும் தத்தம் விவரத்தைக் கூச்சமின்றி எழுதி அனுப்புவாராக.